பெசெல், எலிலிம், விக்கிரகம்: ஒரு வசைச்சொல்லின் வரலாறு

எபிரேய விவிலியத்தில் ‘சிலை வழிபாடு’ என்பதற்கு நேரான ஒரு பொதுச்சொல் இல்லை. பல சொற்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை வசைகள். ‘எலிலிம்’ என்பது ‘ஏல்’ (கடவுள்) என்னும் சொல்லைப் போல ஒலித்து, ‘ஒன்றுக்கும் உதவாதவை’ என்று பொருள்படும். யோபு நூல் பயனற்ற மருத்துவர்களைக் குறிக்கவும் இதே சொல்லைக் கையாள்கிறது. எசேக்கியேல் விரும்பி ஆளும் ‘கில்லுலிம்’ சாண உருண்டையை நினைவூட்டுவது. ‘எவெல்’ என்றால் வெறும் மூச்சுக்காற்று. பத்துக் கட்டளைகளில் வரும் ‘பெசெல்’ மட்டுமே ஓரளவு நடுநிலையானது: செதுக்கப்பட்டது. மோசே இரண்டாம் முறை கற்பலகைகளைச் செதுக்கியதற்கும் இதே வினையடிதான். அகராதியில் இவையனைத்திற்கும் ‘சிலை’ என்று ஒரே பொருள் எழுதும்போது அந்த ஏளனம் முழுவதும் மறைந்துபோகிறது.

இவ்வேளனம் யாரை நோக்கியது? எசாயா 44ஆம் அதிகாரத்தில் ஒருவன் மரத்தின் ஒரு பாதியை எரித்து அப்பம் சுடுகிறான். மறுபாதியைக் கடவுளாக்கி வணங்குகிறான். பாபிலோனியக் குரு ஒருவர் இதைக் கேட்டிருந்தால் தம் சமயம் இதுவென்று அடையாளம் கண்டிருக்கமாட்டார். அங்கு நடந்த ‘மீஸ் பீ’ எனும் வாய் கழுவும் சடங்கில், கைவினைஞரின் கைகள் மரக்கத்தியால் வெட்டப்படுவதுபோல் பாவனை செய்யப்படும்; “இதை நான் செய்யவில்லை” என்று அவர்கள் உறுதிமொழி கூறுவர். உருவம் மனிதக் கைவேலை என்ற ஐயத்தைத் தீர்க்கவே அச்சடங்கு அமைந்தது. தீர்க்கதரிசிக்கு அது தெரிந்திருந்ததா என்பது வேறு கேள்வி. அவர் பேசியது பாபிலோனியரிடம் அன்று. நாடுகடத்தப்பட்டு, அந்நகரின் பகட்டில் மயங்கக்கூடிய தம் மக்களிடம்.

இது ஒரு வீட்டுக்குள் நிகழ்ந்த பூசல் என்பதற்குத் தொல்லியலும் சான்று தருகிறது. 1975–76இல் சீனாய்ப் பகுதியின் குந்தில்லத் அஜ்ருதில் அகழ்ந்தெடுக்கப்பட்ட, கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெருந்தாழிகளில் “சமாரியாவின் யாவே, அவருடைய அசேரா” என்ற பெயரால் ஆசி எழுதப்பட்டிருக்கிறது. எசேக்கியா அரசர் உடைத்த வெண்கலப் பாம்பும் அயலார் பொருள் அன்று. மோசே செய்தது என்றே அரசர்கள் நூல் சொல்கிறது. அயலாரைக் குறித்தோ, உபாகமம் 4:19 வியப்பூட்டும்: இசுரயேலர் வணங்கக்கூடாத கதிரவனையும் விண்மீன்களையும் பிற மக்களுக்குக் கடவுளே பங்கிட்டளித்தார் என்கிறது. பிற இனத்தாரின் உருவங்களைப் பழிக்கும் திருப்பாடல்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் கட்டளையின் முன்னிலை ‘நீ’ இசுரயேலரே. கொலோசெயர் மடல் பேராசையைச் சிலைவழிபாடு என்று சாடும்போதும் அந்தத் தன்விமரிசனம்தான் தொடர்கிறது.

மொழிபெயர்ப்பில் கேட்பவர் மாறினார். கிரேக்க மொழிபெயர்ப்பு இச்சொற்களுள் பலவற்றை ‘எய்தோலொன்’ (நிழலுரு, போலித்தோற்றம்) என்ற ஒன்றில் அடக்கியது. ஆங்கில ‘ஐடல்’ அதன் வழிவந்தது. தமிழில் நேர்ந்தது இன்னும் கூர்மையானது. பழைய சீர்திருத்தச்சபை மொழிபெயர்ப்பு யாத்திராகமம் 20:4இல் ‘சொரூபம்’, ‘விக்கிரகம்’ என்ற சொற்களை வைத்தது. ஏளனம் சிறிதும் இல்லாத, பக்தர்கள் நாவில் மதிப்புடன் வாழ்ந்த சொல் விக்கிரகம். ஒரு சமூகம் தன்னையே கடிந்துகொண்ட சொல், இவ்வாறு அண்டை வீட்டாரின் வழிபாட்டுச் சொல்லின்மேல் ஏறி அமர்ந்தது. தமிழ்க் கத்தோலிக்கரோ மாதாவின் திருவுருவத்தை இன்றும் ‘சொரூபம்’ என்றே போற்றுகின்றனர்! ‘இந்திய உருவ வழிபாட்டை விவிலியம் கண்டித்தது’ என்று பரப்புவோரும், அதைக் கேட்டுச் சினந்து மறுப்போரும் இந்த மொழிபெயர்ப்பின் மேல்தான் நின்று வாதாடுகிறார்கள்.

நம் ஆய்வேடுகளிலும் ‘சிலை வழிபாடு’ ஒரு நடுநிலைக் கலைச்சொல்லாகவே உலவுகிறது. சட்டத்திலும் அப்படியே. 1925இல் பிரமத நாத் மல்லிக் வழக்கில், இந்துக் குடும்பமொன்றின் தெய்வ உருவத்தைச் சட்டவழி ஆளாகப் பிரிவி கவுன்சில் ஏற்றது. தனக்கென உரிமையும் நலனும் உடையதென்று ஏற்கப்பட்ட அந்த ‘ஆளை’த் தீர்ப்பு சுட்டிய ஆங்கிலச் சொல், ‘ஐடல்’.