கொம்பும் தோலும்

தோற்கைவினையைப் பொழுதுபோக்காகப் பயில்வோருக்கென மேலைநாடுகளில் விற்கப்படும் பெட்டிகளுள் வைக்கிங் தலைக்கவசப் பெட்டியும் ஒன்று. அளவாக வெட்டிய தோல் துண்டுகள், கோத்துக் கட்டுவதற்கான வார், ரிவிட்டுகள், பக்கத்துக்கு ஒன்றாக இரு கொம்புகள் ஆகியன பொதுவாக அதில் அடங்கும். வாங்குபவர் தோலை நீரில் நனைத்து, தலையளவான அச்சின்மேல் படிய அழுத்தி, உலரவிட்டு, நெற்றி வளையத்தையும் உச்சியில் குறுக்கிடும் பட்டைகளையும் ரிவிட்டால் இறுக்கிவிட்டால் கவசம் ஆயத்தமாகிவிடும். அது வாள்வீச்சைத் தடுப்பதற்கன்று. சுவரில் மாட்டி அழகு பார்ப்பதற்கு.

இவ்வலங்காரப் பொருளில் இரண்டு வரலாறுகள் ஒட்டியுள்ளன. ஒன்று கொம்பின் வரலாறு. மற்றொன்று தோலின் வரலாறு. முன்னது பலரும் அறிந்ததாக எண்ணிக்கொண்டிருப்பது, ஆராய்ந்தால் பொய்யாவது. பின்னது எவரும் கேளாதது; ஆராய்ந்தால் சென்னைக்கு வடக்கே திருவள்ளூர்ப் பகுதிவரை கொண்டுவந்து சேர்ப்பது.

வைக்கிங்குகள் எனப்படுவோர் ஐரோப்பாவின் வடபுலத்துக் கடலோடிகள். கி.பி. 793இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்பார்ன் மடத்தைத் தாக்கியது முதலாக 1066 வரையுள்ள காலம் அவர்தம் காலமாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அவர்கள் அணிந்த தலைக்கவசங்களுள் பெயர்பெற்றது, நார்வேயின் யெர்முண்ட்பூ என்னுமிடத்தில் 1943இல் கண்டெடுக்கப்பட்டது. அது இரும்பாலானது, கண்களைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போன்ற காப்பு உடையது, கொம்பு இல்லாதது. டென்மார்க்கின் வெக்ஸோவில் 1942இல் கிடைத்த இரண்டு கவசங்களுக்குக் கொம்புகள் உண்டு. ஆனால் அவை வெண்கலத்தாலானவை, கி.மு. 900ஐ ஒட்டியவை, வைக்கிங்குகளுக்கு ஏறத்தாழ ஆயிரத்தெழுநூறு ஆண்டுகள் முற்பட்டவை.

அங்ஙனமாயின் வைக்கிங் தலையில் கொம்பு முளைத்தது எப்போது? 1876இல் ஜெர்மனியின் பைராய்ட் நகரில் வாக்னரின் இசைநாடகத் தொடர் அரங்கேறியபோது அதற்கு ஒப்பனை வரைந்தவர் கார்ல் எமில் டோப்ளர். அவர் மாந்தர் சிலருக்குக் கொம்புக் கவசம் சூட்டினார். அதற்கு முன்னரும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியர் சிலரின் கற்பனையில் அது தலைகாட்டியதுண்டு. ஆயினும் அம்மேடைக்குப் பின்னரே அது கதைப்புத்தகப் படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் திரைப்படத்துக்கும் பரவி, ஈற்றில் கைவினைப் பெட்டிக்குள்ளும் புகுந்தது. மேடையில் ஒப்பனையாக இருந்தது வீட்டுச் சுவரில் வரலாறாகிவிட்டது.

இதனைத் தமிழகத்தின் தெருக்கூத்தோடு ஒப்பிட்டு நோக்குதல் தகும். வடதமிழ்நாட்டுக் கூத்தில் மன்னரும் வீரரும் புனையும் கிரீடமும் புஜக்கட்டையும் இலேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டுகள் பதித்தவை. இக்கட்டைகளால் அக்கலைக்குக் கட்டைக்கூத்து என்னும் பெயரும் வழங்குகிறது. தீவட்டி ஒளியிலும் விளக்கொளியிலும் அக்கண்ணாடி மின்னும்போது துரியோதனன் வந்துவிட்டான் என்று ஊர் அறியும். ஆயினும் அத்தினாபுரத்து அரசன் கண்ணாடி பதித்த மரமுடியோடுதான் போர்க்களம் புகுந்தான் என்று கூத்துப் பார்ப்பவர் எவரும் வாதிடமாட்டார். வேடத்தை வேடமாகவே கொண்டாடும் தெளிவு அவர்களிடம் உண்டு. டோப்ளரின் கொம்பும் வேடமாகவே நின்றிருந்தால் குறை சொல்வதற்கில்லை. அது வேடம் என்பது மறந்துபோனதே குறை.

இனித் தோலின் வரலாறு. தமிழில் தோல் என்னும் சொல் உடலின் மேற்போர்வையை மட்டும் குறிப்பதன்று. யானைக்கும் அது பெயர். கேடயத்துக்கும் அது பெயர். தொல்காப்பியம் உழிஞைத்திணையின் துறைகளைக் கூறுமிடத்துக் கேடயப் படையின் பெருக்கத்தைத் தோல் என்னும் சொல்லாலேயே சுட்டுகிறது. அதே நூல் செய்யுளுக்குரிய எண்வகை வனப்புகளுள் ஒன்றுக்கும் தோல் என்று பெயரிட்டுள்ளது. ஒரு சொல் கேடயத்துக்கும் செய்யுள் வனப்புக்கும் பெயராக அமைந்த மொழியில், அதே தோலைப் பதனிட்ட கைகள் தீண்டத்தகாதவையாக ஒதுக்கப்பட்டமை எண்ணிப் பார்க்கத்தக்கது.

தோலோடு மனிதனுக்குள்ள உறவு ஏட்டுக்கும் முற்பட்டது. திருவள்ளூர் மாவட்டத்தில் கொசத்தலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863இல் இராபர்ட் புரூஸ் பூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டறிந்தனர். பின்னர் சாந்தி பப்பு குழுவினர் நிகழ்த்திய அகழாய்வு, அங்குள்ள கைக்கோடரிகளின் காலத்தைச் சுமார் 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னே கொண்டுசென்றது; அம்முடிவு 2011இல் வெளியாயிற்று. உலகெங்கும் பழைய கற்கால மக்கள் விலங்குகளை அறுக்கவும் தோலைச் சுரண்டவும் இத்தகைய கூரிய கற்களைக் கையாண்டனர் என்பது தொல்லியலார் கருத்து.

பச்சைத்தோல் அழுகும். அதனை அழுகாப் பொருளாக்குவதே பதனிடுதல். தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியிலிட்டு மயிர் நீக்கி, உட்புறத்துச் சதையைக் கத்தியால் வழித்து, மரப்பட்டை ஊறிய நீரில் பல நாள் கிடத்துவது பழைய முறை. தமிழகத்தில் அப்பட்டையைத் தந்தது ஆவாரை. புறம்போக்கிலும் வறண்ட மேட்டிலும் தானே வளர்ந்து மஞ்சளாய்ப் பூக்கும் அச்செடியின் பட்டையே இலட்சக்கணக்கான தோல்களைப் பதப்படுத்திற்று. ஈற்றில் கடுக்காய் நீரில் தோய்த்தால் நிறம் தெளியும்.

இவ்வாறு பட்டையில் பதனிட்ட தோலுக்கு ஓர் இயல்பு உண்டு. நனைத்தால் களிமண்போல் இணங்கும். அச்சிலிட்டு உலர்த்தினால் அவ்வடிவத்தை விடாது பற்றிக்கொள்ளும். குரோம் உப்பில் பதனிட்ட தோல் மென்மையும் நீர்தாங்கும் திறமும் உடையது. ஆனால் வடிவத்தை அங்ஙனம் பற்றாது. தலைக்கவசப் பெட்டியில் வைக்கப்படும் தோல் எந்நாட்டதாயினும், நனைத்து வடிவமைக்கத்தக்கதாயின் அது பட்டைத்தோலின் இனத்தைச் சேர்ந்ததே.

பட்டையில் பாதி பதனிட்ட தமிழகத்துத் தோல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலண்டன் சந்தைக்குப் பெருவாரியாகச் சென்றது. கிழக்கிந்தியத் தோல் என்னும் வணிகப் பெயர் அதற்கு நிலைத்தது. ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல், ஈரோடு, பல்லாவரம் முதலிய ஊர்கள் அதனால் பெயர்பெற்றன. சென்னைக்கு வடக்கே மாதவரத்திலும் பதனிடும் தொழில் நடைபெற்றது. முதல் உலகப்போரின்போது, 1916 முதல், பிரிட்டிஷ் அரசு தன் படைவீரரின் காலணிகளுக்காக இத்தோலைத் தானே வாங்கிக்கொண்டது. பிரான்சின் சேற்றில் நடந்த கால்களுக்கு ஆவாரம்பட்டை காவலாயிற்று. அப்போரைப் பற்றிய நூல்கள் பலவற்றில் படைத்தலைவர் பெயர்கள் உண்டு. பட்டை இடித்தவர் பெயர் இல்லை.

மாதவரத்தை அடுத்த செம்பியத்துக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. சென்னைக் கலைப்பள்ளியின் தலைவராயிருந்த ஆல்பிரட் சாட்டர்டன் 1903இல் குரோம் பதனிடலைச் சோதிக்கத் தொடங்கினார். நனைந்து நனைந்து விரைவில் மக்கிப்போகும் கவலைச் சாலுக்கு மாற்றாக, நீரைத் தாங்கும் தோலை உழவர்க்கு அளிப்பது அவர் நோக்கங்களுள் ஒன்று. அரசின் குரோம் தொழிற்கூடம் செம்பியத்தில் இயங்கிற்று. அரசே தொழில் நடத்துவதை ஐரோப்பிய வணிகர் எதிர்த்தனர். 1910ஐ ஒட்டி அது அரசின் கையைவிட்டு நீங்கிற்று. எனினும் குரோம் முறை நின்றுவிடவில்லை. 1948இல் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. நாயுடம்மா போன்ற அறிவியலார் அதனை வளர்த்தனர். பாதி பதனிட்ட தோலை அயல்நாட்டுக்கு அனுப்புவதை 1970களில் அரசு கட்டுப்படுத்தவே, முழுமையாக்கிய தோலும் காலணியும் இங்கேயே உருவாயின.

வளர்ச்சிக்கு விலையும் இருந்தது. பாலாற்றங்கரை ஊர்களின் நிலமும் நீரும் கெட்டமை குறித்த வழக்கில், கெடுத்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. ஆவாரம்பட்டையின் இடத்தை வாட்டில் பட்டையும் குரோமும் பெரும்பாலும் கைப்பற்றின. கிழக்கிந்தியத் தோல் புவிசார் குறியீடு பெற்ற பொருளாக இன்று பாதுகாக்கப்படுகிறது.

திருவள்ளூர் 1997இல் தனி மாவட்டமாயிற்று. அதிலிருந்த மாதவரம் 2018இல் சென்னை மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. வடக்கே கும்மிடிப்பூண்டியின் சிப்காட் வளாகத்தை ஒட்டி இரும்பு உருக்காலைகள் புகைகின்றன. மெய்யான வைக்கிங் கவசம் இரும்பு. அலங்காரக் கவசம் தோல். இரும்பைக் காய்ச்சுவதும் தோலைப் பதனிடுவதும் இந்தச் சிறு நிலப்பரப்பில் அன்றாடப் பிழைப்பாய் இருந்துவந்துள்ளன. சுவரில் தொங்கும் கவசத்தின் கொம்பை வியப்பவர்க்கு, அதனைத் தாங்கும் தோலும் உழைப்பின் விளைவு என்பது தோன்றுவதில்லை.

தோல் வணிகத்தில் பொருளீட்டியவரின் பெயர்கள் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கல்வெட்டாய் நிற்கின்றன. அது தக்கதே. ஆனால் சுண்ணாம்புக் குழியில் முழங்காலளவு நின்றவர்களுள் மிகப் பலர் சேரிகளிலிருந்து வந்தவர். அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அவர்தம் வரலாற்றை எழுதும் பணியை அது செய்ய இயலாது. அது மொழியறிந்தோர் கடமை. தோலின் தரத்தை விரல் நுனியால் கண்டவர்கள், குழிநீரின் பதத்தை நாவால் சுவைத்துச் சொன்னவர்கள், தம் தொழிலுக்கென வழங்கிய சொற்கள் அகராதிகளில் ஏறியவை சிலவே. அம்முதியோர் உள்ளபோதே அச்சொற்களைக் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். இல்லாத கொம்புக்கு நூறாண்டுக்கு மேலாக இடம் தந்த உலகில், இருந்த கைகளுக்கு ஏட்டில் ஓரிடம் தருவது மிகையாகாது.