கனடா காப்பாற்றிய நிறம்

1972 ஜனவரி 29, சனிக்கிழமை மாலை. பிபிசியின் 'டொக்டர் ஹூ' தொடரில் புதிய கதை ஒன்று தொடங்குகிறது. தமிழில் 'பெலடனின் சாபம்' என்று சொல்லலாம். புயலடிக்கும் மலையில் ஒரு கோட்டை. தீப்பந்த வெளிச்சத்தில் ஓர் இளம் அரசன். அவனுடைய தாய் பூமியிலிருந்து வந்தவள். அவன் ஆளும் சிறு கிரகம் விண்வெளிக் கூட்டமைப்பில் சேர வேண்டுமா என்பதுதான் வழக்கு. சேர்ந்தால் முன்னோர் வகுத்த முறைகள் எல்லாம் அழிந்துவிடும் என்கிறார் தலைமைப் பூசாரி ஹெபெஷ். சரியாக ஒரு வாரத்துக்கு முன்னர்தான், ஜனவரி 22 அன்று, பிரிட்டன் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்வதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தது. கதாசிரியர் பிரையன் ஹேல்ஸ் எதைப் பற்றி எழுதினார் என்று அன்றைய பிரிட்டனில் யாருக்கும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

வெல்வெட் கோட்டும் சுருக்கம் வைத்த சட்டையும் அணிந்து வரும் ஜோன் பெர்ட்வீதான் கதாநாயகனான டொக்டர். கூட்டமைப்பின் பிரதிநிதிகளாக வந்திருப்பவர்களில் செவ்வாய்க் கிரகத்தின் பனி வீரர்களும் உண்டு. முந்தைய கதைகளில் அவர்கள் கொடியவர்கள். ஆகவே சதி செய்வது அவர்கள்தான் என்று டொக்டரே தீர்மானித்துவிடுகிறார். கடைசியில் அவர்கள் நேர்மையானவர்கள் என்று தெரிகிறது. கதாநாயகனின் முன்தீர்ப்பு தவறு என்று குழந்தைகளுக்குக் காட்டிய அந்தத் துணிவுக்காகவே இந்தக் கதையை எழுபதுகளின் மிகச் சிறந்த கதைகளில் ஒன்றாக வைப்பேன். அரங்க அமைப்பு மலிவுதான், மலை ஒரு சிறு மாதிரிதான். ஆனாலும் ஹெபெஷின் பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. பிள்ளைகளின் வாயில் தமிழ் தங்குமா என்று கவலைப்படும், ரொறன்ரோவின் எந்த ஸ்காபரோத் தமிழ் வீட்டிலும் அந்தப் பயத்தைக் கேட்கலாம்.

இந்த வரலாறு அந்தக் கதையைப் பற்றியது மட்டுமல்ல. அது பதிவான நாடாவைப் பற்றியது.

இரண்டு அங்குல அகலமான காந்த நாடா. கையில் எடுத்தால் பாரம் தெரியும் பெரிய சுருள். அந்தக் காலத்தில் விலை அதிகம். ஆனால் அழித்துவிட்டு மறுபடியும் பதியலாம். நடிகர் சங்க ஒப்பந்தங்கள் மறு ஒளிபரப்பைக் கட்டுப்படுத்தின. வீட்டு வீடியோ என்ற சந்தை அப்போது இல்லை. எல்லாவற்றையும் வைத்துக் காக்க வேண்டும் என்ற கடமையும் பிபிசியில் எவருக்கும் இருக்கவில்லை. ஒரு முறை காட்டிய நாடகத்தை அலுமாரியில் பூட்டி வைப்பதைவிட, அதன் மேல் புதிதாக ஒன்றைப் பதிவதே கணக்குக்குச் சரியாக இருந்தது. அறுபதுகளின் 'டொக்டர் ஹூ' அத்தியாயங்களில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை இன்றுவரை கிடைக்கவில்லை. எழுபதுகளின் பெர்ட்வீ கதைகளில் பலவற்றின் மூல வண்ண நாடாக்களும் அப்படியே அழிக்கப்பட்டன. 'பெலடனின் சாபம்' அவற்றில் ஒன்று. மிஞ்சியது, வண்ணத் தொலைக்காட்சி வராத நாடுகளுக்கு விற்பதற்காகத் திரையைப் படம்பிடித்து எடுத்த 16 மி.மீ. கறுப்பு வெள்ளைப் படச்சுருள்.

ஆனால் வண்ணப் பிரதிகள் சில அதற்குள் அட்லாண்டிக் கடந்திருந்தன.

அவை வந்து சேர்ந்த கனடாவுக்கு இந்தத் தொடர் அந்நியமானது அல்ல. இதை உருவாக்கக் காரணமாக இருந்த சிட்னி நியூமன் 1917இல் ரொறன்ரோவில் பிறந்தவர். தந்தை ரஷ்யாவிலிருந்து குடிபெயர்ந்த யூதர், சப்பாத்துக் கடை வைத்திருந்தார். கனடாவின் தேசியத் திரைப்படச் சபையிலும் சிபிசியிலும் வேலை பார்த்த நியூமன், 1958இல் இங்கிலாந்து போனார். சில ஆண்டுகளில் பிபிசியின் நாடகப் பிரிவுத் தலைவரானார். சனிக்கிழமை மாலையில் பிள்ளைகளுக்கு வரலாறும் அறிவியலும் கதையாகச் சொல்லும் தொடர் ஒன்று வேண்டும் என்றார். தயாரிப்பை வெரிட்டி லம்பேர்ட் என்ற இளம் பெண்ணிடம் ஒப்படைத்தார். முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர், அப்போது இருபத்தைந்தை எட்டாத இளைஞர். குடியேறியவரின் மகன், ஒரு பெண், ஓர் இந்தியர். பிரிட்டனின் தேசியச் சொத்து என்று இன்று சொல்லப்படுகிற ஒன்றைத் தொடங்கி வைத்தவர்கள் இவர்கள். தொடர் 1963 நவம்பர் 23இல் ஆரம்பமானது. 1965 ஜனவரியிலேயே சிபிசி அதைக் கனடாவில் காட்டியது. 26 அத்தியாயங்களோடு நிறுத்தியும் விட்டது.

பதினொரு ஆண்டு இடைவெளிக்குப் பின், 1976 இலையுதிர்காலத்தில், அதை மறுபடி எடுத்து வந்தது ஒன்ராறியோ மாகாணத்தின் கல்வி அலைவரிசையான டிவிஓ. ரொறன்ரோவில் அது 19ஆம் அலைவரிசை. கல்வி அலைவரிசை என்பதால் வெறும் பொழுதுபோக்கைக் காட்டிவிட்டுப் போக முடியாது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு கல்விப் பயன் இருக்க வேண்டும். ஆகவே அத்தியாயத்தைச் சுற்றி ஒருவர் வந்து பேசினார். முதலில் எதிர்காலவியல் பேராசிரியர் ஜிம் டேட்டர். 1978இலிருந்து 1981வரை ஜூடித் மெரில். பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித்தர வேண்டும் என்று நியூமன் லண்டனில் நினைத்தது, அவர் பிறந்த ஊரில் அரசுச் சட்டத்தின் புண்ணியத்தால் இன்னொரு வழியில் நடந்தது.

மெரிலைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அறிவியல் புனைகதை எழுத்தாளராகவும் தொகுப்பாசிரியராகவும் பெயர் பெற்றவர். வியட்நாம் போர்க்காலத்தில் தன் நாட்டின் போக்கைச் சகிக்க முடியாமல் 1968இல் ரொறன்ரோவுக்கு வந்தார். தன்னுடைய புத்தகச் சேகரிப்பை ரொறன்ரோ பொது நூலகத்துக்குக் கொடுத்தார். 1970இல் அதிலிருந்து ஒரு தனி நூலகம் உருவானது. இன்று கொலிஜ் தெருவில் லிலியன் ஸ்மித் கிளையில் மெரில் சேகரிப்பு என்ற பெயரில் அது இருக்கிறது. உலகின் பெரிய அறிவியல் புனைகதைப் பொதுச் சேகரிப்புகளில் ஒன்று, எவரும் போய்க் கேட்டு வாசிக்கலாம். டிவிஓவில் அவர் 'டொக்டர் அல்லாதவர்' என்ற பட்டத்தோடு தோன்றி, அத்தியாயம் கிளப்பிய கேள்வியை எடுத்துப் பேசுவார். கதையை இரசித்தபடியே அதைக் கேள்வி கேட்கவும் ஒரு தலைமுறை ஒன்ராறியோப் பிள்ளைகளை அவர் பழக்கினார்.

அந்தப் பழக்கம் அலைவரிசைக்கும் இருந்தது. 1977இல் வந்த 'வெங் சியாங்கின் நகங்கள்' டொம் பேக்கர் டொக்டராக நடித்த காலத்துக் கதைகளில் மிகவும் கொண்டாடப்படுவது. விக்டோரியா காலத்து லண்டன், பனிமூட்டம், நாடகக் கொட்டகை. அதில் வரும் சீன மந்திரவாதியாக நடித்தவர் முகத்தில் ஒப்பனை பூசிய வெள்ளைக்காரர். சீனப் பாத்திரங்கள் எல்லாமே கூலிகளும் கொலைகாரர்களும். டிவிஓ சீனக் கனடியர் சமூகத்தின் கருத்தைக் கேட்டது, பிறகு அந்தக் கதையை ஒளிபரப்பாமலே விட்டது. அந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். கதை எவ்வளவு நேர்த்தியானது என்பது வேறு விடயம். அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்குப் போகப்போவது அந்தச் சீனப் பிள்ளைதானே.

இதெல்லாம் நடந்தபோது ஸ்காபரோவின் மோர்னிங்சைட்டில் தமிழர் அநேகமாக இல்லை. நம்மவர் பெருமளவில் வந்தது இலங்கையின் 1983 ஜூலை வன்முறைக்குப் பிறகு. ஆனால் தொலைக்காட்சியும் நாடாவும் நமக்கு முன்பே இங்கே வந்துவிட்டன. 116ஆம் இலக்கப் பேருந்து ஓடும் மோர்னிங்சைட் அவெனியுவுக்குப் பக்கத்தில், ஹைலண்ட் கிரீக் பள்ளத்தாக்கின் விளிம்பில், ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகம் இருக்கிறது. அவுஸ்திரேலியரான ஜோன் அண்ட்ரூஸ் வடிவமைத்து 1966இல் திறந்த அந்தக் கொங்கிரீட் கட்டடம், தொலைக்காட்சி வழியே பாடம் நடத்துவதற்கென்றே திட்டமிடப்பட்டது. விரிவுரைகளில் பாதியளவை நாடாவில் பதிந்து திரையில் காட்டுவது என்பதுதான் யோசனை. கட்டடத்துக்குள்ளேயே முழு வசதியுள்ள படப்பிடிப்புக் கூடம் இருந்தது. ஆனால் மாணவர்களுக்கு எதிரே ஆசிரியர் வேண்டியிருந்தது. சில ஆண்டுகளிலேயே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அந்த நீண்ட சாம்பல்நிறத் தாழ்வாரங்களில் டேவிட் குரோனன்பேர்க், 1969இல் வெளியான தன்னுடைய 'ஸ்டீரியோ' படத்தை எடுத்தார். இன்று அங்கே நடந்தால் எழுபதுகளின் விண்வெளித் தளம் ஒன்றுக்குள் இறங்கியது போல இருக்கும். அதே வளாகத்தில்தான் இப்போது தமிழ் இருக்கை இருக்கிறது, நம் சமூகம் பணம் திரட்டி அமைத்தது.

நாடாவுக்கு வருவோம். 1978 அளவில்தான் பிபிசி அழிப்பதை நிறுத்தியது. இயன் லெவின் என்ற இசைத் தயாரிப்பாளர், தீவிர இரசிகர், பழைய அத்தியாயங்களை வாங்கப் போன இடத்தில் அவை குப்பைக்குக் காத்திருப்பதைக் கண்டு சத்தம் போட்டார். சூ மால்டன் பிபிசியின் ஆவணத் தெரிவாளராகப் பொறுப்பேற்றார். என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பட்டியல் எடுத்தார்கள். பிறகு, விற்ற நாடுகளுக்குக் கேட்டு எழுதினார்கள். 1980களின் தொடக்கத்தில் கனடாவிலிருந்து வண்ண நாடாக்கள் லண்டனுக்குத் திரும்பின. விற்பனை ஒப்பந்தப்படி, உரிமைக்காலம் முடிந்த பிரதியை அழித்துவிட வேண்டும், அல்லது அனுப்பிவிட வேண்டும். அதைச் செய்யாமல் யாரோ அலுமாரியில் வைத்திருந்ததால் 'பெலடனின் சாபம்' நிறத்தோடு பிழைத்தது.

முழு நலத்தோடு என்று சொல்ல முடியாது. பிரிட்டனின் படம் 625 கோடுகள், நொடிக்கு 50 புலங்கள், அதாவது அரைப்படங்கள். வட அமெரிக்காவினது 525 கோடுகள், 60 புலங்கள். கனடாவுக்கு அனுப்பும்போதே மாற்றி அனுப்பியிருந்தார்கள். நூறு கோடுகள் போய்விட்டன. 50ஐ 60 ஆக்குவதற்கு அடுத்தடுத்த படங்களைக் கலந்து இடைப்படங்கள் செய்தார்கள். திருப்பி 50 ஆக்கினால் இரண்டாம் தடவையும் கலக்கும். பெர்ட்வீ கையை வீசினால் பின்னால் ஒரு நிழல் கை வரும். இருபது ஆண்டுகளுக்கு மேல் இரசிகர்கள் இதைத்தான் பார்த்தார்கள். பிறகு பிபிசி ஆய்வுப் பொறியாளர்கள் வேறு வழியில் யோசித்தார்கள். அந்தப் பழைய மாற்றுக் கருவி எந்த விகிதத்தில் எதனோடு எதைக் கலந்தது என்பது தெரிந்தால், கணக்கைப் பின்னோக்கிப் போட்டு மூலப் படங்களைப் பிரித்தெடுக்கலாம் அல்லவா? 2005இல் வெளியான 'அக்ஸோஸின் நகங்கள்' என்ற இன்னொரு பெர்ட்வீ கதையின் டிவிடியில்தான் அந்த முறை முதலில் பயன்பட்டது. 2010இல் 'பெலடனின் சாபம்' வெளியானபோதும் அதுவே. கோட்டையின் தீப்பந்தச் சுடர் வழுக்கிக்கொண்டு அசைவதைப் பழைய பிரதியில் நடுங்கியதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அந்தக் கணக்கைப் போட்டவர்களுக்குக் கைகூப்பத் தோன்றும்.

கனடாவுக்கு வண்ணத்தில் வராமல் போன, அல்லது வந்தும் மிஞ்சாத கதைகளின் நிலை வேறு. 'டீமன்ஸ்' கதையின் நிறம், அமெரிக்காவில் ஓர் இரசிகர் வீட்டுக் கருவியில் பதிந்து வைத்திருந்த நாடாவிலிருந்து எடுக்கப்பட்டது. கலங்கிய அந்த நிறத்தைத் தெளிவான கறுப்பு வெள்ளைச் சுருளின் மேல் பொருத்தி 1992இல் ஒளிபரப்பினார்கள். அதையும் தாண்டியது இன்னொரு கண்டுபிடிப்பு. கறுப்பு வெள்ளைச் சுருளை மிகவும் நெருங்கிப் பார்த்தால் சில காட்சிகளில் மிக நுண்ணிய புள்ளிக் கோலம் ஒன்று தெரியும். திரையைப் படம்பிடித்தபோது வண்ணச் சமிக்ஞையை வடிகட்டாமல் விட்டதால் விழுந்த புள்ளிகள் அவை. பல ஆண்டுகளாக அவை வெறும் அழுக்கு என்றே கருதப்பட்டன. அவற்றில் நிறம் ஒளிந்திருக்கிறது என்று பிபிசியைச் சேர்ந்த ஜேம்ஸ் இன்செல் சொன்னார். ரிச்சர்ட் ரஸ்ஸல் அதைப் படிக்க நிரல் எழுதினார். 'தீமையின் மனம்' கதையின் ஆறு பாகங்களில் ஐந்து இப்படியே 2013இல் நிறம் பெற்றன. முதல் பாகத்தில் மட்டும் புள்ளிகள் இல்லை. அதைக் கையால் வண்ணமிட்டார்கள்.

சிட்னி நியூமனும் ஜூடித் மெரிலும் 1997இல், ஏழு வார இடைவெளியில், இதே ரொறன்ரோவில் இறந்தார்கள். இந்த மீட்பின் பெரும்பகுதியை இருவரும் பார்க்கவில்லை.

தமிழில் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1931இன் 'காளிதாஸ்' படத்துக்கு ஒரு பிரதிகூட எங்கும் கிடைக்கவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களிலும் ஏடுகளிலும் வேறு பிரதி இல்லாதவையும் இருந்தன. வெளியூரில் ஒரு பிரதி இருந்திருந்தால் என்ற ஏக்கம் நமக்குப் புதிதல்ல. இப்போது அந்த வெளியூரில் இருப்பது நாம்தான். மோர்னிங்சைட் வீடுகளின் பேஸ்மெண்ட் பெட்டிகளில் விஎச்எஸ் கசெற்றுகள் கிடக்கின்றன. அரங்கேற்றங்கள், கலைவிழாக்கள், கேபிளில் வந்த தமிழ் நிகழ்ச்சிகள், நாட்டிலிருந்து யாரோ கொடுத்தனுப்பிய கூத்து. அவற்றில் பலவற்றுக்கு அதுவே ஒரே பிரதியாக இருக்கலாம். வீடியோக் கருவி செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. கசெற்றை எண்ணிம வடிவுக்கு மாற்றக் கொடுங்கள். திரும்பி வாங்கும்போது பழைய கசெற்றையும் கேட்டு வாங்குங்கள். அழுக்கு என்று நினைத்த புள்ளிகளுக்குள் நிறம் இருந்ததை, படச்சுருளை எறியாமல் வைத்திருந்ததால்தான் முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவரால் கண்டுபிடிக்க முடிந்தது.