கிள்ளான் பள்ளத்தாக்கும் காற்றாலை மின்சாரமும்

கோலாலம்பூரும், அதைச் சூழ்ந்த பெட்டாலிங் ஜெயா, சுபாங், ஷா ஆலம், கிள்ளான், ரவாங் முதலிய சிலாங்கூர் நகரங்களும் சேர்ந்த நிலப்பரப்பு கிள்ளான் பள்ளத்தாக்கு எனப்படும். மலேசியாவில் மக்களும் தொழிற்சாலைகளும் மிக நெருக்கமாகக் குவிந்த இப்பகுதியில் காற்றாலைப் பண்ணை ஒன்றுகூட இல்லை. அதற்கு முதற்காரணம் புவியியல். அரசின் அக்கறையின்மையும் தொழில்நுட்பக் குறையும் அதற்குப் பின்னால்தான் வரும். ஆனால் இந்தக் காற்றில்லாத ஊரில் தலைமையகம் வைத்திருக்கும் நிறுவனங்கள் இங்கிலாந்திலும் தைவானிலும் காற்றாலைகளில் பங்குதாரர்களாக இருக்கின்றன. ஆகவே இப்பகுதியின் காற்று மின்சார வரலாற்றில் பாதி, நாட்டுக்கு வெளியே நடந்தது.

மின்சாரம் வந்த வழி

மலாயாவில் மின்சாரத்தின் தொடக்கம் இந்தப் பள்ளத்தாக்கின் வடக்கு முனையில்தான். 1894இல் ரவாங்கிலிருந்த தங்கள் ஈயச் சுரங்கத்துக்காக லோக் இயூவும் கா. தம்புசாமி பிள்ளையும் மின்னாக்கி ஒன்றை நிறுவினர். கோலாலம்பூர் மாரியம்மன் கோயிலையும் பத்துமலை முருகன் வழிபாட்டையும் தொடங்கிவைத்தவராகவே தமிழர்கள் தம்புசாமி பிள்ளையை நினைவில் வைத்திருக்கிறார்கள். நாட்டின் முதல் மின்னாக்கியில் அவருக்கிருந்த பங்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பகாங்கிலுள்ள ரவூப் தங்கச் சுரங்கத்துக்காகச் செம்பாம் ஆற்றில் நீர்மின் நிலையம் எழுந்தது 1900இல்.

பிறகு எரிபொருளின் காலம். 1949 செப்டம்பர் 1இல் மத்திய மின்சார வாரியம் உருவாயிற்று. 1965இல் அது தேசிய மின்சார வாரியம் ஆனது. மூத்த தலைமுறையினர் இன்னும் எல்.எல்.என். என்று சொல்வது அதைத்தான். 1990இல் தெனாகா நேசனல் பெர்ஹாட் என்ற நிறுவனமாக மாறி, இன்று பிரிக்பீல்ட்ஸை அடுத்த பங்சாரில் தலைமையகத்துடன் இயங்குகிறது. கிள்ளானுக்கு வடக்கே கடலோரத்தில் காப்பார் மின்நிலையம் 2,400 மெகாவாட்டுக்கு மேற்பட்ட திறனுடன் கட்டப்பட்டது. நிலக்கரி, எரிவாயு, எண்ணெய் மூன்றிலும் ஓடக்கூடிய நிலையம் அது. தீபகற்பத்தின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும்தான் வருகிறது.

காற்று ஏன் இல்லை

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 3 பாகையில் இருக்கிறது. அங்கே வெப்பம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருப்பதால், பக்கத்துப் பக்கத்து இடங்களுக்கிடையே காற்றழுத்த வேறுபாடு குறைவு. காற்று நகர்வது அந்த வேறுபாட்டால்தான். இரு அரைக்கோளங்களின் வணிகக் காற்றுகளும் இந்த வட்டாரத்தில் சந்தித்து, பக்கவாட்டில் வீசுவதை விட்டு மேலே எழும்பிவிடுகின்றன. அந்த எழுச்சிதான் மாலை நேர இடியாகவும் மழையாகவும் இறங்குகிறது.

இதற்கு மேல் இரண்டு மலைச்சுவர்கள். நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைத் தாண்டி மணிக்கு 10 முதல் 20 கடல் மைல் வேகத்தில் கிழக்குக் கரையை வந்தடைகிறது. குளிரலை வரும் நாட்களில் 30 கடல் மைலையும் எட்டும். தித்திவங்சா மலைத்தொடர் அதைத் தடுத்துவிடுவதால் மேற்குப் பக்கத்துக்கு வந்து சேர்வது அதன் மிச்சம்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குக் காற்றுக்குச் சுமத்ராவின் பாரிசான் மலைகள் அணை. இரண்டு பருவக்காற்று இருந்தும் இரண்டும் முழு வீச்சில் வந்து சேராத இடம் இது. வானிலைத் துறையின் பெட்டாலிங் ஜெயா, சுபாங் நிலைய அளவீடுகளின்படி, 10 மீட்டர் உயரத்தில் ஆண்டுச் சராசரிக் காற்று வேகம் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டுவதில்லை. இரவில் பல மணி நேரம் இலை அசையாது.

தமிழ்நாட்டில் மலை செய்த வேலை இதற்கு நேர்மாறானது. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குக் காற்றைத் தடுத்தாலும், ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு ஆகிய கணவாய்களில் வழிவிடுகிறது. அகன்ற காற்று ஒடுங்கிய வாயில் நுழையும்போது வேகம் கூடும். முப்பந்தலில் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பதற்கு ஆரல்வாய்மொழிக் கணவாய்தான் காரணம். தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 1986இல் தொடங்கிய சோதனை முயற்சி, இன்று 10,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நிறுவுதிறனாக வளர்ந்திருக்கிறது. இலங்கையில் மன்னார்த் தீவின் தம்பபவனி, 30 காற்றாலைகளும் 103.5 மெகாவாட் திறனும் கொண்டதாக 2020 டிசம்பரில் தொடங்கிவைக்கப்பட்டது. மறிக்க மலையே இல்லாத தட்டையான கடற்கரை அது. கன்னியாகுமரிக்குச் சுற்றுலா போய் வரும் மலேசியத் தமிழர் பலர், நம் ஊரில் ஏன் இதை வைக்கக்கூடாது என்று கேட்பதுண்டு. நியாயமான கேள்வி, விடை மலையின் அமைப்பில் இருக்கிறது.

கிள்ளான் கடற்கரையில் கடற்காற்று உண்டு. பிற்பகலில் நிலம் சூடேறியதும் மலாக்கா நீரிணையிலிருந்து வீசும். உள்ளே போகப்போகத் தணியும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியலுக்கு முன் நீரிணையிலிருந்து பாய்ந்து வரும் இடிக்காற்று வரிசைகளும் உண்டு. அவற்றுக்குச் சுமத்ராக்கள் என்றே பெயர். மரங்களைச் சாய்க்கும் வேகம் அவற்றுக்கு இருந்தாலும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அத்தகைய வேகத்தில் காற்றாலையைப் பாதுகாப்புக்காக நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். போதாததற்கு, ஆண்டில் ஏறக்குறைய பாதி நாட்கள் இடி முழங்கும் வட்டாரம் இது. உயர்ந்து நிற்கும் இறக்கைகளுக்கு மின்னல் நல்லதல்ல. இப்பகுதி மக்கள் காற்றை அதிகம் பேசுவது புகைமூட்டக் காலத்தில்தான். 2005 ஆகஸ்டில் சுமத்ராவின் காட்டுத்தீப் புகை தென்மேற்குக் காற்றில் வந்து, காற்று மாசுக் குறியீடு 500ஐத் தாண்டியதால் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. மின்சாரம் எடுக்கப் போதாத காற்று, புகையைச் சுமந்துவரப் போதுமானதாக இருந்தது.

கணக்கு

காற்றிலுள்ள ஆற்றல் அதன் வேகத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்கு. நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பைக் கடக்கும் காற்றில் இருப்பது சுமார் 5 வாட். 6 மீட்டர் வேகத்தில் அது 130 வாட் அளவுக்கு உயரும். அதிலும் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எந்த இறக்கையாலும் பிடிக்க முடியாது என்பது ஜெர்மானிய அறிவியலாளர் ஆல்பெர்ட் பெட்ஸ் வகுத்த எல்லை. நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். பெரும்பாலான காற்றாலைகள் 3 அல்லது 4 மீட்டர் வேகம் வந்தால்தான் சுழன்று மின்சாரம் தரத் தொடங்கும். சராசரி வேகம் 2 மீட்டர் என்றால், அவ்வப்போது வீசும் வேகக்காற்று ஆற்றலைச் சற்றுக் கூட்டும். அதைச் சேர்த்தாலும் தொகை சிறியதுதான்.

அதே ஒரு சதுர மீட்டரில் சூரியத் தகடு வைத்தால்? கோலாலம்பூரில் நாளொன்றுக்கு ஒரு சதுர மீட்டரில் விழும் வெயில் 4 முதல் 5 கிலோவாட் மணி. ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கும் தகடு நாளுக்கு ஒரு கிலோவாட் மணிக்குச் சற்றுக் குறைவாகத் தரும். காற்று தரக்கூடியதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். இந்த ஒரு கணக்கே கிள்ளான் பள்ளத்தாக்கில் கூரைகள் சூரியத் தகடுகளுக்குப் போனதை விளக்கிவிடும்.

உயரே போனால் காற்று கிடைக்காதா என்பது அடுத்த கேள்வி. உயரத்தோடு வேகம் கூடும் என்பது உண்மை. ஆனால் நகரத்தில் காற்று கட்டடங்களில் மோதிச் சுழித்து, நொடிக்கு நொடி திசை மாறும். பிரிக்பீல்ட்ஸில் கேஎல் சென்ட்ரல் கோபுரங்களின் அடியில் குடையைத் திருப்பிவிடும் காற்று வீசுவதை அங்கே நடப்பவர்கள் அறிவார்கள். அந்தச் சுழிப்பு இறக்கைகளைத் தேய்க்குமே தவிர, சீரான மின்சாரம் தராது. அதிர்வும் ஓசையும் கட்டடத்துக்குள் இறங்கும். பஹ்ரைன் உலக வணிக மையம் தன் இரு கோபுரங்களுக்கு நடுவே பொருத்திய மூன்று காற்றாலைகளை 2008இல் இயக்கியது, வளைகுடாக் காற்று நேராக நுழையும்படி கோபுரங்களையே வடிவமைத்து. நிலையான காற்றுத்திசை இல்லாத கோலாலம்பூரில் அதைப் பார்த்துச் செய்தால் அது அலங்காரமாகத்தான் இருக்கும்.

ஆய்வுகளும் முயற்சிகளும்

பாங்கியிலுள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கமாருஸ்ஸமான் சோபியானும் குழுவினரும் 1982 முதல் 1991 வரையிலான வானிலைத் தரவுகளை ஆராய்ந்து 1995இல் வெளியிட்ட கட்டுரை, நாட்டின் காற்று வளம் பற்றிய அடிப்படை ஆவணம். ஜொகூரின் மெர்சிங்கும் கோலத்திரங்கானுவும் முன்னணியில் நின்றன. மெர்சிங்கின் சராசரி, சதுர மீட்டருக்குச் சுமார் 85 வாட். வாவ் பட்டக்கலை கிளந்தானிலும் திரங்கானுவிலும் செழித்ததைப் பார்த்தால், கிழக்குக்கரைக் காற்றை ஆய்வாளர்களுக்கு வெகுகாலம் முன்பே பட்டம் விடுவோர் கண்டுகொண்டிருந்தனர் எனலாம்.

முயற்சிகளும் அந்தப் பக்கமே நடந்தன. சபாவுக்கு வடமேற்கே கடலிலுள்ள லாயாங் லாயாங் தீவில் 150 கிலோவாட் காற்றாலை ஒன்று நிறுவப்பட்டது. பெர்ஹெந்தியான் கெச்சில் தீவில் 2007இல் தெனாகா நேசனல், தலா 100 கிலோவாட் திறனுள்ள இரண்டு காற்றாலைகள், சூரியத் தகடுகள், டீசல் மின்னாக்கி, மின்கலத் தொகுப்பு எல்லாவற்றையும் இணைத்துக் கலப்பு நிலையம் அமைத்தது. மின்கட்டமைப்புக் கம்பி எட்டாத தீவுகளில் டீசலைப் படகில் ஏற்றிச் செல்லும் செலவைக் குறைப்பதே நோக்கம். அந்த மாதிரி மற்ற இடங்களுக்குப் பரவவில்லை.

கோலாலம்பூருக்குள்ளேயே எழுந்த சிந்தனைகளில் கவனிக்கத்தக்கது மலாயாப் பல்கலைக்கழகத்துடையது. அங்கே சோங் வென் தோங் குழுவினர் இரண்டு வழிகளை ஆராய்ந்தனர். ஒன்று, வரும் காற்றை வழிகாட்டித் தகடுகளால் குவித்து வேகப்படுத்தி, செங்குத்து அச்சில் சுழலும் காற்றாலைக்கு அனுப்பி, அதனோடு சூரியத் தகட்டையும் மழைநீர்ச் சேகரிப்பையும் ஒரே கூரைக் கருவியாகச் சேர்ப்பது. மற்றொன்று, இயற்கைக் காற்றை நம்பாமல், குளிரூட்டுக் கோபுரங்களின் விசிறிகள் வெளியே தள்ளும் காற்றில் சிறு காற்றாலைகளைச் சுழற்றுவது. பேரங்காடிகளும் அலுவலக மாடிகளும் நிறைந்த ஊரில் அந்தக் காற்று நாளெல்லாம் வீசிக்கொண்டிருக்கிறது. கவனம் தேவைப்படும் இடமும் இதுதான்: காற்றாலையைக் கோபுரத்தின் வாயருகே வைத்து விசிறியின் சுமையைக் கூட்டிவிட்டால், ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் பிடுங்கியதாகிவிடும். விசிறிக்குப் பாரமாகாத இடத்தைக் கண்டறிவதிலேயே ஆய்வின் பெரும்பகுதி செலவாயிற்று. இது புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்பதைவிட, வீணாகும் ஆற்றலை மீட்பது என்பதே பொருத்தம்.

சட்டமும் முதலீடும்

2011ஆம் ஆண்டின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம், உயிர்வாயு, உயிர்த்திரள், சிறு நீர்மின்சாரம், சூரிய ஒளி ஆகியவற்றிலிருந்து வரும் மின்சாரத்துக்கு நிலையான கொள்முதல் விலை தர வழிசெய்தது. காற்று அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. 2023இல் வெளியான தேசிய ஆற்றல் மாற்ற வழித்திட்டம், 2050க்குள் நிறுவுதிறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. அதில் பெரும்பாரத்தைச் சுமக்கப்போவது வெயில்.

பணமோ காற்றைத் தேடிப் போனது. கோலாலம்பூரின் மலாகோஃப் நிறுவனம் ஆஸ்திரேலியாவிலுள்ள 420 மெகாவாட் மெக்கார்தர் காற்றாலைப் பண்ணையில் பாதிப் பங்கை 2013இல் வாங்கி, 2019இல் விற்றது. காப்பார் நிலையத்திலும் பங்கு வைத்திருந்த நிறுவனம் அது. தெனாகா நேசனல் 2018இல் பிரிட்டனில் சிறு காற்றாலைத் தொகுப்பு ஒன்றிலும், 2021இல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கடலிலுள்ள பிளைத் காற்றாலைகளில் 49 விழுக்காடும் பங்கு பெற்றது. மலேசியாவின் தேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸின் கிளை நிறுவனம் ஜென்தாரி, தைவான் நீரிணையில் சுமார் 1,000 மெகாவாட் திறனுள்ள ஹாய் லோங் திட்டத்தில் பங்குதாரர். இம்முதலீடுகளின் மின்சாரம் ஒரு யூனிட்கூட பங்சாருக்கு வருவதில்லை. வருவது லாபம் மட்டுமே.

மின்சாரமே வந்துசேரும் வழி பற்றிய பேச்சு அண்மையில் தொடங்கியிருக்கிறது. தெற்கு வியட்நாமின் கரைக்கப்பால் வடகிழக்குப் பருவக்காற்று மலைத்தடையின்றி வீசுகிறது. அங்கே எடுக்கும் மின்சாரத்தைக் கடலடிக் கம்பி வழியாகத் தீபகற்பத்துக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுவர இயலுமா என்பதை ஆராய, வியட்நாமிய நிறுவனங்களோடு தெனாகா நேசனலும் பெட்ரோனாஸும் சேர்ந்த கூட்டமைப்பு 2025இல் உடன்பாடு செய்துகொண்டது. கம்பி கரையேறுவதற்கு ஏற்ற இடம் கிழக்குக் கரை. அங்கிருந்து தித்திவங்சாவைத் தாண்டிக் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வர உயர் அழுத்தக் கோபுரங்கள் ஏற்கெனவே இருக்கின்றன.