கடலடி எரிவாயு ஹைட்ரேட்: மதிப்பீடுகளின் வரலாறு

எரிவாயு ஹைட்ரேட் என்பது நீர் மூலக்கூறுகளாலான கூடுகளுக்குள் மீத்தேன் வாயு சிறைப்பட்ட, பனிக்கட்டி போன்ற திண்மப் பொருள். குளிர்ச்சியும் உயர் அழுத்தமும் உள்ள ஆழ்கடல் படிவுகளில் இது உருவாகிறது. ஒரு கன மீட்டர் ஹைட்ரேட் சிதைந்தால் ஏறத்தாழ 160 கன மீட்டர் வாயு வெளிப்படும். உலகக் கடல்களின் அடியில் இது எவ்வளவு உள்ளது என்ற கேள்விக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் தரப்பட்டுள்ளன.

தொடக்ககால மதிப்பீடுகள்

1934 இல் ஹாமர்ஷ்மிட் என்பவர், எரிவாயுக் குழாய்களை அடைப்பது ஹைட்ரேட்டே என்று காட்டினார். அதுவரை ஆய்வகப் பொருளாக இருந்த இது, இயற்கையிலும் கிடைக்கிறது என்பதை 1960களில் சோவியத் அறிஞர்கள் நிறுவினர். 1973 இல் திரோஃபிமுக் குழுவினர், கடலடியில் உள்ள மீத்தேனை ஏறத்தாழ 30,00,000 லட்சம் கோடி கன மீட்டர் எனக் கணித்தனர். ஹைட்ரேட் உருவாக ஏற்ற சூழல் உள்ள இடமெல்லாம் அது இருக்கும் என்பது அவர்களின் அடிப்படை. ஆனால் குளிரும் அழுத்தமும் மட்டும் போதா. போதிய மீத்தேனும் அங்கு இருக்க வேண்டும்.

1988 இல் குவென்வோல்டன் தந்த மதிப்பு 21,000 லட்சம் கோடி கன மீட்டர். நிலக்கரி, எண்ணெய், இயற்கை எரிவாயு ஆகிய அனைத்திலும் உள்ள கார்பனைப்போல் இரு மடங்கு ஹைட்ரேட்டில் உள்ளது என்ற புகழ்பெற்ற கூற்று இதிலிருந்து பரவியது.

எதிரொலியும் துளையிடலும்

கப்பலிலிருந்து அனுப்பும் ஒலியலைகள், கடற்தரைக்கு இணையாகச் செல்லும் ஓர் எதிரொலிக் கோட்டைக் காட்டுவதுண்டு. ஹைட்ரேட் நிலைத்திருக்கக்கூடிய பகுதியின் அடி எல்லையை இது குறிக்கிறது. எனினும், எல்லைக்குக் கீழே தங்கியுள்ள வாயுவே இந்த எதிரொலிக்கு முக்கியக் காரணம். ஆகவே மேலே எவ்வளவு ஹைட்ரேட் உள்ளது என்பதை இக்கோடு மட்டும் சொல்லாது.

1995 இல் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால் பிளேக் மேட்டில் துளையிட்டபோது, எதிரொலிக் கோடு இல்லாத இடத்திலும் ஹைட்ரேட் கிடைத்தது. சாதாரண மண் மாதிரிகளில் மேலே வரும் வழியிலேயே ஹைட்ரேட் உருகிவிடும். அப்போது வெளிப்படும் நன்னீர், மண் துளைகளில் உள்ள நீரின் உப்பைக் குறைக்கிறது. அந்தக் குறைவைக் கொண்டு ஹைட்ரேட்டின் அளவு கணிக்கப்படுகிறது. கடலடி அழுத்தத்தைக் காக்கும் மூடிய கலன்களிலும் மாதிரிகள் எடுக்கப்பட்டன. ஹைட்ரேட் நிரப்பியிருந்தது துளைகளின் சிறு பங்கையே.

இந்தியக் கடல்களில்

2006 இல் 'ஜாய்டஸ் ரெசல்யூஷன்' கப்பல் இந்தியாவுக்காகத் துளையிட்டது. கேரள–கொங்கண் பகுதியில் ஹைட்ரேட் கிடைக்கவில்லை. கிருஷ்ணா–கோதாவரிப் படுகையிலோ ஓரிடத்தில் சுமார் 130 மீட்டர் தடிமனுக்கு, களிமண் பிளவுகளில் செறிந்திருந்தது.

இன்றைய நிலை

2004 இல் மில்கோவ், துளையிடல் முடிவுகளைக் கொண்டு உலக மதிப்பை 1,000 முதல் 5,000 லட்சம் கோடி கன மீட்டராகக் குறைத்தார். மறு ஆண்டே கிளவுடா, சாண்ட்லர் ஆகியோரின் கணிப்பு மாதிரி 1,20,000 லட்சம் கோடி என்றது. எனவே இத்தகைய எண்ணைப் படிக்கும் மாணவர், அது எந்த ஆண்டில், எந்த முறையில் பெறப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். கடலடியில் இருக்கும் அளவு வேறு, வெளியே எடுக்கக்கூடிய அளவு வேறு. எரிபொருள் திட்டமிடலுக்கும் புவி வெப்பமாதல் கணக்குக்கும் இந்த வேறுபாடு முக்கியமானது.