கற்பிட்டிக்குப் போதாத கால் செக்கன்

இலங்கையின் புத்தளம் கரையிலுள்ள கற்பிட்டிக்கும் அமெரிக்காவின் வாஷிங்டனுக்கும் இடையே நேர்தூரமே 14,000 கிலோமீற்றருக்கு மேல். கண்ணாடியிழைக்குள் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். போய்த் திரும்ப 140 மில்லிசெக்கனாவது வேண்டும். கடலடிக் கம்பிகளோ நேராகக் கிடப்பதில்லை. கைபேசிக் கோபுரமும் தன் பங்குக்குச் சுணங்கும். ஆகவே அந்தக் கரையிலிருந்து அமெரிக்கச் சேர்வர் ஒன்றைத் தட்டினால், பதில் வர 250 மில்லிசெக்கன் கடப்பது அதிசயமல்ல.

ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் நோட் ஜேஎஸின் 20ஆம் பதிப்பு 2023 ஏப்ரலில் வந்தது. ஓர் இணைப்பு முயற்சிக்கு அந்தக் கால் செக்கனையே அது எல்லையாக வைத்தது.

இதனால் எழுந்த பிணக்கின் வேர் பழையது: இணையத்தில் இரு வகை முகவரிகள் இருப்பது. 1981இல் வகுக்கப்பட்ட ஐபிவி4இல் ஏறத்தாழ 429 கோடி முகவரிகள்தான். அது போதாதென்று 1990களில் ஐபிவி6 வந்தது. இரண்டும் நேரடியாகப் பேசிக்கொள்ள மாட்டா. இலங்கை உட்பட ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு முகவரி பங்கிடும் ஏப்நிக், 2011 ஏப்ரல் 15இல் கடைசிக் கையிருப்பைத் தொட்டது. 2002இல் ஐபிவி6 கற்ற ஜாவா நிரல்மொழியிலோ, சிக்கல் வந்தால் ஐபிவி4ஐ மட்டும் பிடித்துக்கொள்ளச் சொல்லும் அமைப்பு ஒன்று உண்டு. பலர் காரணம் தேடாமல் அதையே போட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

நோட் 2021 ஒக்டோபரில், 17ஆம் பதிப்பில், ஐபிவி4ஐ முன்னிறுத்தும் வழக்கத்தைக் கைவிட்டது. உடனே சொந்தக் கணினியில் ஓடும் தரவுத்தளங்களே அகப்படாமல் போயின: அவை 127.0.0.1 என்ற ஐபிவி4 முகவரியில் காத்திருக்க, நோட் ஐபிவி6 கதவைத் தட்டியது.

20ஆம் பதிப்பில், இரு வகை முகவரிகளையும் மாறி மாறி முயலும் முறை இயல்பானது. இம்முறையை வகுக்கும் 2017இன் இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 8305 இதே 250 மில்லிசெக்கனைப் பரிந்துரைத்திருந்தது உண்மை. ஆனால் அது அடுத்த முயற்சியைத் தொடங்கும் நேரம். முதல் முயற்சியும் கூடவே தொடரும். நோட்டோ முதலாவதைக் கைவிட்டே அடுத்ததற்குப் போனது. தூரத்திலிருப்பவனின் ஐபிவி4 முயற்சி பாதியில் அறுபட்டு, வழியே இல்லாத ஐபிவி6இல் போய் முட்டியது.

இந்தக் கோளாறை அடையாளம் காண்பது எளிது. பிழைச்செய்தியில் நேரம் கடந்ததும் வலையமைப்பை எட்ட முடியாததும் சேர்ந்தே வரும். அதே முகவரியைக் கேர்ல் என்ற கட்டளைவரிக் கருவி சிரமமின்றித் தொடும். நோட்டின் அந்த 250 மில்லிசெக்கன் எல்லையை நிரலிலேயே உயர்த்தலாம். பிற்காலப் பதிப்புகளில் கட்டளை வரியிலும் உயர்த்தலாம்.