குரல் நீங்கிய இசை: டோர்ஸ் குழுவினரின் ‘அதர் வொய்சஸ்’

1971 யூலை 3ஆம் நாள், பாரிஸ் நகரில், ஜிம் மொறிசன் தமது 27ஆம் வயதில் இறந்தார். அவ்வேளையில் டோர்ஸ் குழுவின் ஏனைய மூவரும் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அடுத்த இசைத்தட்டுக்கான பாடல்களை ஆக்கிக்கொண்டிருந்தனர். பாடகர் திரும்பி வந்து பாடுவார் என்பதே அவர்தம் எதிர்பார்ப்பு. அது பொய்த்தபின் புதிய பாடகர் ஒருவரைச் சேர்க்காது, ஓர்கன் வாசித்த றே மன்சறெக்கும் கிற்றார் வாசித்த றொபி கிறீகரும் தாமே பாடினர். அவ்வாண்டு ஒக்டோபரில் எலெக்ட்றா நிறுவனம் அதனை வெளியிட்டது. ‘வேறு குரல்கள்’ எனப் பொருள்படும் அதன் பெயரே குறையை ஒப்புக்கொள்வது போலுள்ளது.

மொறிசனோடு இக்குழுவின் ஆற்றலும் மறைந்தது என்பாருளர். அக்கூற்று ஏற்புடைத்தன்று. 1967இல் அமெரிக்க விற்பனை வரிசையில் முதலிடம் பெற்ற ‘லைற் மை ஃபயர்’ பாடலைப் பெரும்பாலும் இயற்றியவர் கிறீகரே. மேடையில் ஒரு கையால் ஓர்கனையும் மறுகையால் அடித்தொனியையும் வாசித்துத் தனிப் பாஸ் கலைஞரின் தேவையையே அகற்றியவர் மன்சறெக். அன்றியும், 1971 ஏப்ரலில் வெளிவந்த ‘எல்.ஏ. வுமன்’ தட்டை நெறிப்படுத்திய புறூஸ் பொட்னிக்கே இதிலும் பணியாற்றினார். அதில் பாஸ் வாசித்த ஜெறி ஷெஃப் இதிலும் வாசித்துள்ளார். இரு தட்டுகளுக்குமிடையே கழிந்தது ஏறத்தாழ ஆறு மாதமே. வரலாற்று மாணவனுக்கு இத்துணை வாய்ப்பான ஒப்பீடு அரிதிற் கிடைப்பது. பெரிதும் மாறியது குரல் ஒன்றே.

தட்டின் சிறந்த பகுதி ‘ஷிப்ஸ் வித் செயில்ஸ்’ என்னும் ஏழு நிமிடங்களுக்கு மேற்பட்ட பாடலாகும். பாடுதல் ஓய்ந்ததும் ஜோன் டென்ஸ்மோரின் முரசும் பிரான்சிஸ்கோ அகுவபெலாவின் கைம்முரசுகளும் ஒன்றையொன்று தாங்கிச் செல்ல, ஓர்கன் அவற்றின்மேல் மெல்லப் படர்கின்றது. அந்நிமிடங்களில் யாரும் மொறிசனைத் தேடமாட்டார். மீண்டும் சொற்கள் தொடங்கும்போதே ஏமாற்றமும் தொடங்குகின்றது. குற்றம் சுருதியில் அன்று. மன்சறெக்கின் குரல் வலிந்து உரப்புவது. கிறீகரின் குரலோ மெலிந்து, தன் சொல்லையே தான் நம்பாதது போல ஒலிப்பது. மொறிசனிடம் சாதாரண வரியும் அச்சுறுத்தலாக மாறும். இவர்களிடம் நல்ல வரியும் ஒத்திகையாகவே நின்றுவிடுகின்றது. பாடகருக்கென ஒழித்துவைத்த ஆசனத்தில் எவரும் அமரவில்லை எனலாம்.

‘எல்.ஏ. வுமன்’ பில்போர்ட் வரிசையில் 9ஆம் இடம் வரை சென்றது. இது 31ஆம் இடத்தோடு நின்றது. 1972இல் வந்த ‘ஃபுல் சேர்க்கிள்’ 68ஐத் தாண்டவில்லை. விற்பனை தரத்தின் அளவுகோலன்று. ஆயினும் இவ்விறக்கம் கேட்போர் உணர்ந்ததைக் காட்டுகின்றது. 1973இல் குழு கலைந்தது.

1978இல் மூவரும் மீண்டும் கூடி, மொறிசன் முன்னர் ஒலிப்பதிவு செய்திருந்த கவிதை வாசிப்புகளுக்கு இசையமைத்தனர். ‘ஆன் அமெரிக்கன் பிறேயர்’ என்னும் அத்தட்டில் குரல் முன்செல்ல இசை பின்தொடர்ந்தது. 1971இல் நிகழ்ந்ததற்கு இது நேர்மாறானது.

2002இல் மன்சறெக்கும் கிறீகரும் வேறொரு பாடகருடன் டோர்ஸ் என்ற பெயரைத் தாங்கி மேடையேறியபோது, டென்ஸ்மோர் வழக்குத் தொடர்ந்தார். 2005இல் கலிபோர்னிய நீதிமன்றம் அப்பெயரைப் பயன்படுத்த அவ்விருவருக்கும் தடை விதித்தது. 1971இல் மொறிசனின்றி அதே பெயரில் இசைத்த மூவருள் டென்ஸ்மோரும் ஒருவர்.