மீன்கள் அளித்த முதற் சாட்சியம்: வத்தராசே ஆற்றின் வரலாற்றிலிருந்து ஒரு படிப்பினை

ஆற்று நீர் கெடுவதை மனிதன் கண்ணால் அறியுமுன்னரே மீன் தன் உடலால் அறிந்துவிடுகின்றது. கைத்தொழில் வளர்ச்சியின் வரலாற்றை எழுதுவோர் உற்பத்திப் பெருக்கத்தைக் கணக்கிடுவர். மீனின் இறப்பைக் கணக்கிற் சேர்ப்பவர் மிகச் சிலரே. மெய்யி காலத்து யப்பானில் அஷியோ செப்புச் சுரங்கமும் வத்தராசே ஆறும் கொண்டிருந்த தொடர்பை நோக்குமிடத்து, இப்புறக்கணிப்பு எத்துணைப் பாரதூரமானது என்பது புலனாகும்.

1610ஆம் ஆண்டளவிலேயே செம்பு கண்டறியப்பட்ட அஷியோவை, 1877இல் புருக்காவா இச்சிபெய் என்னும் வணிகர் தம் உடைமையாக்கிக்கொண்டார். 1880களின் முற்பகுதியில் வளமிக்க தாதுப் படைகள் வெளிப்பட்டன. மேனாட்டு இயந்திரங்களின் துணையோடு அஷியோ யப்பானின் தலையாய செப்புச் சுரங்கமாயிற்று. ஏற்றுமதிச் செம்பு ஈட்டித்தந்த அந்நியச் செலாவணி, புதிய அரசின் வலிமைக்கு அடித்தளங்களுள் ஒன்றாயிற்று.

இவ்வெற்றியின் மறுபக்கம் ஆற்றிலே தெரிந்தது. 1885ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், வத்தராசேயில் ‘அயு’ எனப்படும் மீன்கள் பெருந்தொகையாக மடிந்த செய்தி பத்திரிகையில் வெளிவந்தது. அயு ஓராண்டே வாழும் மீன். இளவேனிலிற் கடலிலிருந்து ஆறேறி வந்து, கற்களிற் படியும் பாசியை மேய்ந்து வளர்வது. ஆற்றங்கரை மக்களுக்கு அது உணவும் வருவாயுமாகும். அது மடிந்தபோது மீனவர் தொழிலும் உடன் மடியத் தொடங்கிற்று.

மீன்கள் மடிந்த காரணத்தை இன்று தெளிவாகக் கூறமுடியும். சுரங்கத்திலும் கழிவுக் குவியலிலும் கிடக்கும் கந்தகத் தாதுக்கள் காற்றும் நீரும் படுவதால் ஒட்சியேற்றமடைந்து, கந்தகவமிலம் உண்டாகின்றது. அமில நீரிற் செம்பு முதலிய உலோகங்கள் எளிதிற் கரைகின்றன. அந்நீரின் தாக்கம் முதலில் மீனின் மூச்சுறுப்பாகிய பூக்களிலேயே நிகழ்கின்றது. வேல்ஸ் நாட்டின் ஈயச் சுரங்கப் பகுதி ஆறுகளை ஆராய்ந்த கத்லீன் கார்ப்பென்டர் அம்மையார், உலோக உப்புகள் பூக்களின் மேலுள்ள சீதத்தை உறையச்செய்து மீனை மூச்சுத்திணறச் செய்வதை 1920களில் எடுத்துக்காட்டினார். செறிவு குறைந்த நிலையிலும் செம்பு, மீன் தன் உடலிற் சோடியத்தைக் காத்துக்கொள்ளும் ஆற்றலைக் குலைத்துவிடுகின்றது என்பதும், மோப்ப உணர்வை மழுக்குகின்றது என்பதும் பிற்கால ஆய்வுகளின் முடிபுகளாகும். எனவே, மீன் மிதக்காத ஆறெல்லாம் நலமான ஆறென்று கொள்ளுதல் தவறு.

மீன்களின் சாட்சியத்தை எவரும் பொருட்படுத்தவில்லை. உலையிலிருந்து எழுந்த கந்தகப் புகையினால் மலைக்காடுகள் பட்டன. காடிழந்த மலைகளிலிருந்து பெருவெள்ளம் பாய்ந்தது. 1890இல் வந்த வெள்ளம் நஞ்சு கலந்த மண்ணை வயல்களிலே பரப்பிற்று. தோக்கியோ விவசாயக் கல்லூரியைச் சேர்ந்த கொசாய் யொஷினாவோ, உழவர்களின் வேண்டுகோளை ஏற்று மண்ணையும் நீரையும் பகுப்பாய்ந்து, கேட்டிற்குக் காரணம் செம்பே என நிறுவினார். பிற்காலத்தில் தோக்கியோப் பல்கலைக்கழகத்தின் தலைவராக விளங்கியவர் இவரே.

1891 டிசெம்பரில் தனக்கா ஷோசோ என்னும் உறுப்பினர் இப்பிரச்சினையைப் பாராளுமன்றத்தில் எழுப்பினார். காரணம் இன்னும் உறுதிப்படவில்லை என்பதே அரசின் மறுமொழி. அவ்வேளை விவசாய வணிக அமைச்சராயிருந்த முத்சு முனெமிச்சுவின் மகனொருவர் புருக்காவாவின் சுவீகார புத்திரர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1897இல் படிவுக் குளங்களையும் வடிகட்டும் படுகைகளையும் அமைக்குமாறு அரசு ஆணையிட்டது, கேடு ஓயவில்லை. 1900இல் தலைநகர் நோக்கி நடந்த உழவர்களைக் கவமத்தாவிற் பொலிசார் தாக்கிக் கைதுசெய்தனர். பதவியைத் துறந்த தனக்கா, 1901 டிசெம்பர் 10ஆந் திகதி பேரரசரிடம் நேரில் முறையிட முயன்று தடுக்கப்பட்டார். அவரைப் பித்தரெனக் கருதி விடுவித்தனர். வெள்ளத்தைத் தேக்குவதற்கென யனக்கா என்னும் கிராமமே 1907இல் தகர்க்கப்பட்டது. அக்கிராம மக்களோடு வாழ்ந்து போராடிய தனக்கா 1913இற் காலமானார்.

சுரங்கம் 1973இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு, 155 கோடி யென் இழப்பீட்டுக்கு நிறுவனம் இணங்கிற்று. மீன்கள் மடிந்து ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தபின்! ஆயினும் கதை முடியவில்லை. 1958இல் உடைந்து வயல்களை நனைத்த அதே கழிவுக் குவியல், 2011 மார்ச் நிலநடுக்கத்தில் மீண்டும் சரிந்தது. சுரங்க நீரைச் சுத்திகரிக்கும் பணி இன்றும் தொடர்கின்றது. தாது தீர்ந்தபின்னும் அமிலம் தீர்வதில்லை.

அறிவியல் உண்மை காலந்தாழ்த்தி வந்ததால் அஷியோ மக்கள் அழிந்தார்களென்று கூறுதல் பொருந்தாது. உண்மை 1890களிலேயே வெளியாகிவிட்டது. அதனைக் கேட்கும் செவிதான் இல்லாதிருந்தது. ஆய்வுகூடத்தில் உண்மையைக் காண்பதோடு கற்றோர் கடமை நிறைவுறுவதில்லை. அதனை நாடு கேட்கச்செய்வதும் அக்கடமையின் பாற்பட்டதே. கொசாயின் பகுப்பாய்வும் தனக்காவின் குரலும் ஒன்றையொன்று வேண்டி நின்றமை நமக்கு உணர்த்துவது இதுவேயாகும்.